இளம் பிட்சர் மேஜர் லீகுக்கு வருவது எப்படி? பால் ஸ்கீன்ஸை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 ஜூலையில் அமெரிக்க பேஸ்பால் டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானவர் பால் ஸ்கீன்ஸ். 2024 மே மாதமே பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணிக்காக, அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் பந்து வீசிவிட்டார். அந்த ஆண்டே நேஷனல் லீகின் (மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) சிறந்த புதுமுகம், அடுத்த ஆண்டு அதே லீகின் சிறந்த பிட்சர். "இவ்வளவு சுலபமாகவா மேலே வந்துவிடலாம்?" என்று சிலர் கேட்கிறார்கள். "இத்தனை திறமை உள்ளவரை எதற்குப் பத்து மாதம் காக்க வைத்தார்கள்?" என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இரண்டுக்கும் விடை ஒன்றுதான். வேகம் ஸ்கீன்ஸிடம் ஏற்கெனவே இருந்தது. அந்த வேகத்தை ஆறு மாத சீசன் முழுக்கத் தாங்கும் கையை உருவாக்கத்தான் காலம் பிடித்தது. கீழே உள்ள பதில்களில் ஸ்கீன்ஸோடு, வேறு வழியாக வந்தவர்களையும் வர முடியாமல் போனவர்களையும் சேர்த்திருக்கிறேன். அவரை மட்டும் பார்த்தால் இந்தப் பாதையைப் பற்றித் தப்பான எண்ணமே வரும்.

பிட்சர் என்றால் கிரிக்கெட் பவுலர் மாதிரிதானே?

பந்தை எறிகிறவர் என்ற அளவில் சரி. மற்றபடி வேலையே வேறு. பிட்சருக்கு ஓட்டம் கிடையாது. 10 அங்குல உயரமுள்ள மவுண்ட் என்ற மண்மேட்டில் நின்று, ஒரு காலைப் பின்னால் உள்ள ரப்பர் பட்டையில் ஊன்றி, முழு உடம்பையும் முன்னே தள்ளி எறிய வேண்டும். முழங்கையை மடக்கலாம், மடக்கித்தான் ஆகவேண்டும். பேட்டர் நிற்கும் தட்டுக்கு தூரம் 18.44 மீட்டர். மணிக்கு 95 மைல், அதாவது சுமார் 153 கி.மீ. வேகத்தில் வரும் பந்து 0.4 விநாடியில் அங்கே போய்விடும்.

பந்து தரையில் பட்டு எழும்பாது என்பதுதான் பெரிய வித்தியாசம். பிட்ச் வெடித்திருக்கிறது, பந்து பழசாகிவிட்டது என்று எந்த உதவியும் பிட்சருக்கு வராது. ஏமாற்றுவதெல்லாம் காற்றிலேயே நடக்க வேண்டும். விரல் பிடிமானம், சுழற்சி, வேக வித்தியாசம் மூன்றும்தான் அவருடைய ஆயுதங்கள்.

ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர் ஸ்டார்ட்டர். ஐந்து அல்லது ஆறு நாளுக்கு ஒரு முறை வந்து 90, 100 பந்துகள் வரை வீசுவார். அவருக்குப் பிறகு வந்து ஓரிரு இன்னிங்ஸ் வீசுபவர்கள் ரிலீவர்கள். (கிரிக்கெட் இன்னிங்ஸ் வேறு. இங்கே ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். மூன்று பேரை அவுட் ஆக்கினால் பிட்சருக்கு ஒரு இன்னிங்ஸ், ⅔ என்றால் இரண்டு அவுட்.) இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் ஸ்டார்ட்டர்களைப் பற்றித்தான் பேசுகிறோம்.

பிராஸ்பெக்ட் என்று யாரைச் சொல்கிறார்கள்?

மேஜர் லீகில் ஆடும் தகுதி வரும் என்று அணிகள் நம்பும் இளம் வீரர். ஸ்கௌட்டுகள், அதாவது ஊர் ஊராகப் போய் வீரர்களைப் பார்த்து மதிப்பிடுகிறவர்கள், 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீகின் சராசரி. பிட்சருக்கு மொத்தமாக ஒரு மதிப்பெண் போடுவதோடு நிற்காமல், ஃபாஸ்ட்பாலுக்கு எவ்வளவு, ஸ்லைடருக்கு (கடைசியில் பக்கவாட்டில் திரும்பும் பந்து) எவ்வளவு, சேஞ்சப்புக்கு (வேகமாக வருவது போலக் காட்டி மெதுவாக வரும் பந்து) எவ்வளவு, கட்டுப்பாட்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போடுவார்கள். 80 வாங்கும் பந்து அபூர்வம்.

ஸ்கீன்ஸ் எங்கிருந்து வந்தவர்?

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் 2002-இல் பிறந்தவர். பள்ளி முடித்தபோது இவரை யாரும் அடுத்த பெரிய பிட்சர் என்று கொண்டாடவில்லை. அவர் சேர்ந்த இடம் கொலராடோவில் உள்ள அமெரிக்க விமானப்படை அகாடமி. அங்கே கேட்சராகவும் (கிரிக்கெட் விக்கெட் கீப்பர் மாதிரி) ஆடினார், பந்தும் வீசினார், பேட்டிங்கிலும் அடித்து நொறுக்கினார். இரண்டு துறையிலும் சிறந்த கல்லூரி வீரருக்கான ஜான் ஓலருட் விருதை 2022-இல் வாங்கினார்.

அந்த அகாடமியில் ஒரு விதி உண்டு. மூன்றாம் ஆண்டு வகுப்பில் கால் வைத்துவிட்டால், படித்து முடித்தபின் படையில் பணியாற்றும் கடமை வந்துவிடும். விமானப்படையில் இருக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டவர் ஸ்கீன்ஸ். ஆனாலும் இரண்டாம் ஆண்டு முடிவில் வெளியேறி லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, அதாவது எல்.எஸ்.யு.வுக்கு மாறினார். இன்று திரும்பிப் பார்த்தால் அவருடைய பாதையில் மிகப் பெரிய முடிவு இதுதான் என்பேன். டிராஃப்ட்கூட இதற்கு அப்புறம்தான்.

எல்.எஸ்.யு.வில் அப்போது பிட்சிங் கோச்சாக இருந்தவர் வெஸ் ஜான்சன். மின்னசோட்டா ட்வின்ஸ் என்ற மேஜர் லீக் அணியின் கோச் வேலையை சீசன் நடுவிலேயே விட்டுவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர். அவரிடம் சேர்ந்தபின் ஸ்கீன்ஸ் கேட்சர் வேலையை விட்டார், பேட்டிங்கை விட்டார், பந்துவீச்சு ஒன்றையே பிடித்துக்கொண்டார். 2023 சீசனில் 122⅔ இன்னிங்ஸில் 209 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது). எஸ்.இ.சி. என்ற அந்தக் கல்லூரிக் கூட்டமைப்பில், பென் மெக்டொனால்ட் 1989-இல் வைத்திருந்த 202 என்ற சாதனை உடைந்தது. ஒமாஹாவில் நடந்த கல்லூரி உலகத் தொடரில் வேக் ஃபாரஸ்ட் அணிக்கு எதிராக 8 இன்னிங்ஸ் வீசி இரண்டே ஹிட் (பேட்டர் பந்தை அடித்துப் பேஸை எட்டுவது) கொடுத்தார். அந்த ஆட்டத்தில் அவர் வீசியது 120 பந்துகள். 11-ஆவது இன்னிங்ஸில் டாமி வைட் அடித்த ஹோம் ரன்னில் எல்.எஸ்.யு. ஜெயித்தது. பிறகு கோப்பையும் வந்தது, தொடரின் சிறந்த வீரர் விருது ஸ்கீன்ஸுக்கு.

அந்த 120 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

டிராஃப்டில் என்ன நடக்கிறது?

ஆண்டுதோறும் ஜூலையில் 30 அணிகளும் வரிசையாகப் பள்ளி, கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும். இப்போது 20 சுற்றுகள். மோசமாக ஆடிய அணிக்கு முன்னுரிமை என்ற பழைய முறையைக் கொஞ்சம் மாற்றி, முதல் சில இடங்களுக்குக் குலுக்கல் கொண்டுவந்தார்கள். 2022-இல் 62 வெற்றி, 100 தோல்வி என்று முடித்த பைரட்ஸுக்கு முதல் குலுக்கலிலேயே முதல் இடம் விழுந்தது. அதை வைத்து ஸ்கீன்ஸை எடுத்தார்கள். அவருடைய கல்லூரித் தோழர் டிலன் க்ரூஸை வாஷிங்டன் அணி இரண்டாவதாக எடுத்தது. ஒரே கல்லூரியிலிருந்து முதல் இரண்டு பேரும் போனது அதுவே முதல் தடவை. ஸ்கீன்ஸுக்குக் கிடைத்த கையெழுத்துத் தொகை 92 லட்சம் டாலர். அன்றைக்கு அது சாதனை.

100 மைலுக்கு மேல் வீசுகிறவரை நேரே மேஜர் லீகுக்கு அனுப்பியிருக்கலாமே?

வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் தோன்றுகிற கேள்வி. கல்லூரியில் வாரத்துக்கு ஒரு ஆட்டம், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. பிப்ரவரியில் தொடங்கி ஜூனில் முடிந்துவிடும். மேஜர் லீகில் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை 162 ஆட்டம். ஐந்தாறு நாளுக்கு ஒரு முறை மவுண்டில் ஏற வேண்டும், நடுவில் விமானப் பயணம், நேர மாற்றம். கல்லூரியில் ஏழு நாள் ஓய்வுக்குப் பழகிய கையை ஐந்து நாளுக்கு இறக்கும்போது, பந்தின் எண்ணிக்கையைக் குறைத்துத்தான் தொடங்குவார்கள்.

ஸ்கீன்ஸ் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கல்லூரியிலேயே அந்த ஆண்டு 122⅔ இன்னிங்ஸ் வீசிவிட்டு வந்திருந்தார். அதனால் 2023-இன் மிச்சத்தில், மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மூன்று மைனர் லீக் அணிகளில் சேர்த்தும் வெறும் 6⅔ இன்னிங்ஸ்தான் வீச விட்டார்கள். சீருடை, சக வீரர்கள், புதுப் பந்து இவற்றோடு அறிமுகம், அவ்வளவுதான். 2024-இல் மைனர் லீகின் மேல்படியான டிரிபிள்-ஏவில் ஆடும் இண்டியானாபொலிஸுக்குப் போனார். அங்கே 7 ஆட்டங்களில் 27⅓ இன்னிங்ஸ், 45 ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. 0.99. (ஈ.ஆர்.ஏ. என்றால் ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு. குறைய குறைய நல்லது.)

இந்த எண்களில் 0.99-ஐத்தான் எல்லோரும் பார்த்தார்கள். 27⅓-ஐ ஏழால் வகுத்துப் பாருங்கள், ஒரு ஆட்டத்துக்கு நான்கு இன்னிங்ஸ்கூட வராது. ஒமாஹாவில் 120 பந்து வீசியவர், மைனர் லீகில் மூன்றாவது நான்காவது இன்னிங்ஸோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். பேட்டர்கள் அவரை நிறுத்தவில்லை, அணி நிறுத்தியது. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணிக்கையைக் கூட்டினார்கள்.

மைனர் லீகில் எத்தனை படிகள்?

2021-இல் அமைப்பை மாற்றிய பிறகு ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் கீழே நான்கு முழு சீசன் அணிகள்: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. மொத்தம் 120. அதற்கும் கீழே ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் உள்ள பயிற்சி வளாக லீகுகள், டொமினிகன் குடியரசில் ஒரு கோடைக்கால லீக். பைரட்ஸுக்கு வளாகமும் சிங்கிள்-ஏ அணியும் ஃபுளோரிடாவின் பிரேடன்டனில், ஹை-ஏ கிரீன்ஸ்போரோவில், டபுள்-ஏ பென்சில்வேனியாவின் ஆல்டூனாவில், டிரிபிள்-ஏ இண்டியானாபொலிஸில்.

டபுள்-ஏ தான் உண்மையான சோதனை என்று இந்த ஆட்டத்துக்குள் இருப்பவர்கள் சொல்வார்கள். அதற்குக் கீழே வெறும் வேகத்தை வைத்தே ஓட்டிவிடலாம். டபுள்-ஏ பேட்டர் ஃபாஸ்ட்பாலுக்காகக் காத்திருப்பார், தட்டுக்கு வெளியே போகும் பந்தைத் தொட மாட்டார். கையில் ஃபாஸ்ட்பால் தவிர இரண்டாவது பந்து வகை இல்லாதவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

அங்கே என்னதான் கற்றுக்கொடுக்கிறார்கள்?

முதலில் பந்து. கல்லூரிப் பந்து, கீழ்மட்ட மைனர் லீக் பந்து, மேஜர் லீக் பந்து மூன்றும் ஒரே அளவுதான். கையில் பிடித்தால் ஒன்றாக இருக்காது. கல்லூரிப் பந்தின் தையல் தட்டையானது. மேஜர் லீக் பந்தை கோஸ்டா ரிக்காவின் துர்ரியால்பா ஊரில் கையால் தைக்கிறார்கள், 108 இரட்டைத் தையல். 2019 முதல் டிரிபிள்-ஏவிலும் அதே பந்துதான். ஆட்டத்துக்கு முன் டெலவேர் ஆற்றுப் பகுதியிலிருந்து எடுத்த சேற்றை அதன்மேல் தேய்த்துப் பளபளப்பை எடுப்பார்கள். தையலில் விரல்நுனி பதிவதைப் பொறுத்துத்தான் சுழற்சி. தையல் ஒரு நூலளவு மாறினாலும் பழகிய ஸ்லைடர் வேறு மாதிரி திரும்பும். பிட்சர் மறுபடி பிடிமானத்தைத் தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது புதுப் பந்து வகைகளை உருவாக்குவது. முன்பெல்லாம் மூத்த பிட்சர் ஒருவர் "இப்படிப் பிடித்துப் பார்" என்று காட்டிக்கொடுப்பார். இப்போது நொடிக்கு ஆயிரக்கணக்கான படம் எடுக்கும் கேமராவில் பந்து விரலை விட்டு விலகும் கணத்தைப் பார்க்கிறார்கள். பந்து எத்தனை முறை சுழன்றது, எந்த அச்சில் சுழன்றது, எத்தனை அங்குலம் விழுந்தது எல்லாவற்றையும் டிராக்மேன், ராப்சோடோ போன்ற கருவிகள் அடுத்த நொடியே திரையில் காட்டிவிடும். விரலைச் சற்று நகர்த்து, எறி, திரையைப் பார், மறுபடி நகர்த்து. ஒரு மதியம் முழுக்க இதே வேலைதான் நடக்கும்.

ஸ்கீன்ஸின் பேர் சொல்லும் பந்தான ஸ்பிளிங்கரும் டிராஃப்டுக்குப் பிறகுதான் அவருக்குக் கைவசமானது. சாதாரண சிங்கர் ஒன்றைப் பழகப் போன இடத்தில் கிடைத்தது அது. சிங்கர் வேகமாக வந்து கொஞ்சம் இறங்கும். ஸ்பிளிட்டர் மெதுவாக வந்து சட்டென்று விழும். இவருடையது 94 மைல் வேகத்தில் வந்து ஸ்பிளிட்டர் மாதிரி விழுகிறது. 99 மைல் ஃபாஸ்ட்பாலும் இதுவும் கையை விட்டுக் கிளம்பும்போது ஒரே மாதிரி தெரியும். வித்தியாசம் தெரிவதற்குள் பேட்டர் மட்டையைச் சுழற்றிவிடுகிறார். கல்லூரியிலேயே யாராலும் தொட முடியாத ஒருவர் அதற்கப்புறமும் புதிதாக ஒன்றைக் கற்றாரே, அதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த விஷயம்.

இவை தவிர, முதல் பேஸில் நிற்பவரை ஓடவிடாமல் பிடித்து வைப்பது, ஒவ்வொரு பந்துக்கும் நேரம் வைக்கும் பிட்ச் கடிகாரம் முடிவதற்குள் வீசுவது, கேட்சரோடு பேசித் திட்டம் போடுவது, ஆட்டம் இல்லாத நாட்களில் என்ன சாப்பிடுவது, எவ்வளவு தூங்குவது என்று பட்டியல் நீளும்.

மைனர் லீகில் சம்பளம் எப்படி?

ரொம்ப காலம் அநியாயமாகக் குறைவு. 2022-இல் வீரர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள், 2023-இல் முதல் ஒப்பந்தம் வந்தது. டிரிபிள்-ஏ வீரரின் ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆனது. சிங்கிள்-ஏவில் 11,000-இலிருந்து 26,200. தங்குமிடத்தை அணியே தர வேண்டும் என்ற விதியும் 2022-இல்தான் வந்தது. ஸ்கீன்ஸ் மாதிரி கையெழுத்துத் தொகையாகவே 92 லட்சம் டாலர் வாங்கியவருக்கு இது பெரிதில்லை. கடைசிச் சுற்றுகளில் தேர்வானவர்களுக்கோ இந்தப் பணம்தான் எல்லாம். 2024-இல் மேஜர் லீகின் குறைந்தபட்சச் சம்பளமே 7,40,000 டாலர். ஒரு படி தாண்டினால் இருபது மடங்கு!

மேலே எப்போது அழைப்பது என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

கை தயாரா என்பது ஒன்று. கணக்கு இன்னொன்று. மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஒரு சேவை ஆண்டு. அப்படி ஆறு ஆண்டு முடித்த வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம், பெரும் பணம் கேட்கலாம். ஆகவே சீசன் தொடங்கி சில வாரம் கழித்து அழைத்தால், அந்த ஆண்டு முழு ஆண்டாக எண்ணப்படாது. அணிக்கு அவர் இன்னும் ஒரு வருடம் கிடைப்பார். பல அணிகள் இதைச் செய்திருக்கின்றன. வீரர்கள் சங்கம் இதைக் கடுமையாக எதிர்த்ததால் 2022 ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம் வந்தது: புதுமுக விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வருபவருக்கு முழு ஆண்டு சேவை தரப்படும்.

ஸ்கீன்ஸை அழைத்தது மே 11. சாதாரணமாகப் பார்த்தால் முழு ஆண்டு கிடைக்காத தேதி. விருதை ஜெயித்ததால் அவருக்கு அது கிடைத்துவிட்டது. பைரட்ஸ் நிர்வாகம், கையை மெல்லப் பழக்கவே நேரம் எடுத்தோம் என்றது. பந்து எண்ணிக்கையை அவர்கள் கூட்டிய விதத்தைப் பார்த்தால் அதில் உண்மை இருக்கிறது. அதே எண்ணிக்கையை மேஜர் லீகிலேயே கூட்டியிருக்க முடியாதா என்றால், முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். டிரிபிள்-ஏவில் அவருக்குக் கற்க மிச்சம் அதிகம் இல்லை.

முதல் ஆட்டம் எப்படிப் போனது?

2024 மே 11, பிட்ஸ்பர்க்கின் பி.என்.சி. பார்க், எதிரணி சிகாகோ கப்ஸ். நான்கு இன்னிங்ஸில் 7 ஸ்ட்ரைக்அவுட். 100 மைலைத் தாண்டிய பந்துகள் பல. ஐந்தாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் ஹிட் அடித்ததும் 84 பந்துகளோடு இறக்கிவிட்டார்கள். அப்புறம் வந்த ரிலீவர்கள் வரிசையாக வாக் (நான்கு தவறான பந்துக்கு பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) கொடுத்து முன்னிலையைக் கரைத்தார்கள், மழை வந்து ஆட்டம் நின்றது, கடைசியில் பைரட்ஸ் 10-9 என்று ஜெயித்தது. ஆறு நாள் கழித்து சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் இரண்டாவது ஆட்டம். முதல் ஏழு பேட்டர்களும் ஸ்ட்ரைக்அவுட். ஆறு இன்னிங்ஸில் 11 ஸ்ட்ரைக்அவுட், ஒரு ஹிட்கூட இல்லை.

ஒரு ஹிட்கூட கொடுக்காமல் வீசிக்கொண்டிருந்தவரை ஏன் எடுத்தார்கள்?

100 பந்து ஆகிவிட்டது, அதனால். ஜூலை 11 அன்று மில்வாக்கியிலும் இதே கதை: ஏழு இன்னிங்ஸ் ஹிட் இல்லை, 99 பந்து, வெளியே. ஒன்பது இன்னிங்ஸும் ஹிட் கொடுக்காமல் முடிப்பது பிட்சர் வாழ்க்கையில் ஒரு முறை வந்தாலே பெரிய விஷயம். ரசிகர்களுக்கு ஆத்திரம் வந்தது நியாயம்தான். ஆனால் கல்லூரியில் வீசிய அந்த 120-ஐ மேஜர் லீக் அணிகள் இன்றைக்கு 22 வயதுப் பையனிடம் கேட்பதில்லை. அடுத்த ஆட்டம் ஐந்தாறு நாளில் வருகிறது, சீசன் இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. நான் மேனேஜராக இருந்தாலும் எடுத்திருப்பேன்.

ஜூலை 16-ஆம் தேதி ஆல்-ஸ்டார் ஆட்டத்தை நேஷனல் லீகுக்காகத் தொடங்கி வைத்தவர் ஸ்கீன்ஸ். அப்போது அவர் மேஜர் லீகில் வீசியிருந்ததே 11 ஆட்டம்தான். சீசன் முடிவில் 133 இன்னிங்ஸ், 170 ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. 1.96.

டாமி ஜான் அறுவை சிகிச்சை என்று அடிக்கடி காதில் விழுகிறதே, அது என்ன?

முழங்கையின் உள்பக்கம் மேல்கை எலும்பையும் கீழ்கை எலும்பையும் இணைக்கும் ஒரு தசைநார் இருக்கிறது. முழு வேகத்தில் எறியும் ஒவ்வொரு தடவையும் அது இழுபடுகிறது. கிழிந்துவிட்டால் முன்பெல்லாம் ஆட்டம் முடிந்தது. 1974-இல் டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானுக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் வேறு இடத்திலிருந்து ஒரு தசைநாண் எடுத்து அங்கே பொருத்தினார். ஜான் 1976-இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அதற்குப் பிறகு வந்தவை.

இன்று இளம் பிட்சர்கள் பலருக்கு டிராஃப்டுக்கு முன்பே இந்தத் தழும்பு இருக்கிறது. திரும்பி வர 12 முதல் 18 மாதம். எப்போதும் முழுப் பலத்தோடு எறிவது, இன்னும் வேகம், இன்னும் சுழற்சி என்று துரத்துவதுதான் முக்கியக் காரணம் என்று மேஜர் லீக் அமைப்பே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது. வேகம் இருந்தால்தான் ஸ்கௌட் திரும்பிப் பார்ப்பார், அந்த வேகமே கையைத் தின்கிறது. பையன்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இந்த ஆட்டம் அவர்களிடம் அதைத்தான் கேட்கிறது.

சின்ன வயதிலிருந்தே பிட்சராக இருந்தால்தான் வர முடியுமா?

இல்லை. ஜேக்கப் டிகிராமைப் பாருங்கள். ஃபுளோரிடாவின் ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் அவர் ஷார்ட்ஸ்டாப், அதாவது ஃபீல்டர். மூன்றாம் ஆண்டில்தான் மவுண்டில் ஏறினார். 2010 டிராஃப்டில் நியூயார்க் மெட்ஸ் ஒன்பதாவது சுற்றில், 272-ஆவது ஆளாக எடுத்தது. ஆறு ஆட்டம் வீசியதும் தசைநார் கிழிந்தது, டாமி ஜான். 2011 முழுக்க ஆட்டமே இல்லை. அந்த வருடம் ஃபுளோரிடாவில் காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த இன்னொருவர் யோஹான் சந்தானா, அன்றைய மிகச் சிறந்த சேஞ்சப்புக்குச் சொந்தக்காரர். அவரிடம் சேஞ்சப் பிடிக்கும் விதத்தைக் கற்றார் டிகிராம்.

அப்புறம் சவானா, செயின்ட் லூசி, பிங்கம்டன், லாஸ் வேகஸ் என்று ஒவ்வொரு படியாக ஏறி, 2014 மே 15-இல் முதல் ஆட்டம். அப்போதுகூட எல்லோரும் பேசியது முந்தின நாள் அறிமுகமான ரஃபேல் மான்டெரோவைப் பற்றி. டிகிராம் வீசியதே அணியின் இன்னொரு பிட்சர் டிலன் ஜீ காயமடைந்ததால். யாங்கீஸுக்கு எதிராக 7 இன்னிங்ஸில் ஒரே ரன் கொடுத்து 1-0 என்று தோற்றார். பேட்டிங்கில் ஒரு ஹிட்டும் அடித்தார். அந்த சீசனில் மெட்ஸ் பிட்சர் ஒருவர் அடித்த முதல் ஹிட் அது. பழைய ஷார்ட்ஸ்டாப் அல்லவா! அந்த ஆண்டு சிறந்த புதுமுகம், பிறகு 2018, 2019 இரண்டிலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது.

ஸ்கீன்ஸுக்குப் பத்து மாதம், இவருக்கு நான்கு வருடம். வந்தபோது வயது 25.

முதல் ஆளாகத் தேர்வானால் மேஜர் லீக் உறுதியா?

உறுதியே கிடையாது. 1991-இல் யாங்கீஸ் முதலாவதாக எடுத்த பிரையன் டெய்லர் ஒரு சண்டையில் தோள்பட்டையைக் கெடுத்துக்கொண்டார். மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. 2009-இல் முதலாவதான ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் முதல் ஆட்டத்தில் 14 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், மூன்றே மாதத்தில் டாமி ஜான். திரும்பி வந்து 2019-இல் மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரின் சிறந்த வீரரானார். உடனே 24.5 கோடி டாலருக்கு ஏழு வருட ஒப்பந்தம். அதன்கீழ் அவரால் வீச முடிந்தது எட்டே ஆட்டம்.

என் மனதைத் தொட்டவர் மார்க் அப்பெல். 2013-இல் ஹியூஸ்டன் முதலாவதாக எடுத்தது. இரண்டாவதாகப் போனவர் கிரிஸ் பிரயன்ட். பிரயன்ட் கொடிகட்டிப் பறந்துகொண்டிருக்க, அப்பெல் மைனர் லீகிலேயே தடுமாறி, காயப்பட்டு, 2018-இல் ஆட்டத்தை விட்டே விலகினார். 2021-இல் மறுபடி முயன்றார். 2022 ஜூன் 29, ஃபிலடெல்ஃபியா சட்டையில் ஒரு இன்னிங்ஸ் வீசினார். வயது 30, டிராஃப்ட் முடிந்து ஒன்பது வருடம். அந்த சீசனில் ஆறு ஆட்டம், அத்தோடு சரி. இவரைத் தோற்றவர் என்று பட்டியல் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அமெரிக்காவில் பிறக்காதவர்களுக்கு வழி?

டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா போன்ற இடங்களில் டிராஃப்ட் கிடையாது. 16 வயதிலேயே அணிகள் கையெழுத்து வாங்கிவிடும். ஜப்பானில் தொழில்முறை லீகில் ஆடியவர்களை அவர்களுடைய அணி விடுவித்தால் வரலாம். யோஷினோபு யமமோட்டோ 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸுடன் 12 ஆண்டுக்கு 32.5 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டார். 25 வயதுக்குள் வந்த ரோகி சசாக்கியோ, விதிப்படி மைனர் லீக் ஒப்பந்தத்தில்தான் சேர முடிந்தது. 2025-இல் கிடைத்தது 65 லட்சம் டாலர்.

இந்தியாவிலிருந்து யாராவது போயிருக்கிறார்களா?

ரிங்கு சிங், தினேஷ் படேல். கிரிக்கெட் வீரர் ரிங்கு சிங் வேறு, இவர் வேறு. இருவரும் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் வீரர்கள். 2008-இல் நடந்த ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் வேகமாகப் பந்து எறிந்து தேர்வானார்கள். அதற்கு முன் பேஸ்பாலைக் கையில் தொட்டதில்லை. அமெரிக்காவில் டாம் ஹவுஸ் என்ற புகழ்பெற்ற கோச்சிடம் சில மாதம் பழகி, அதே ஆண்டு நவம்பரில் பைரட்ஸில் சேர்ந்தார்கள். ஆமாம், ஸ்கீன்ஸின் அதே பைரட்ஸ். 2009-இல் அவர்கள் ஆடத் தொடங்கியதும் அதே பிரேடன்டன் வளாகத்தில்தான்.

தினேஷை 2010-இல் விடுவித்தார்கள். ரிங்கு 2012-இல் சிங்கிள்-ஏ வரை ஏறினார், பிறகு கைக் காயங்கள் விடவில்லை. கடைசியில் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். இருபது வயதில் முதல் பந்தைப் பிடித்த ஒருவர் நான்கு வருடத்தில் சிங்கிள்-ஏவுக்கு வந்தது பெரிய காரியம். அங்கே எதிரே நிற்கும் பையன் ஆறு வயதிலிருந்து ஆடுகிறவன்.

2025-இல் ஸ்கீன்ஸ் 10 வெற்றி, 10 தோல்வி. இதற்கா சிறந்த பிட்சர் விருது?

வெற்றி தோல்வி பிட்சர் பேரில் எழுதப்படுகிறதே தவிர, ரன் அடிப்பது மற்றவர்கள். பைரட்ஸ் பேட்டிங் அந்த ஆண்டு படுமோசம். ஸ்கீன்ஸின் சொந்தக் கணக்கு: 187⅔ இன்னிங்ஸ், 216 ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. 1.97. சை யங் விருதுக்கு வாக்களித்த அத்தனை பேரும் அவருக்கே முதலிடம் கொடுத்தார்கள். டிகிராமும் 2018-இல் 10 வெற்றி, 9 தோல்வி, 1.70 என்ற கணக்கில்தான் வாங்கினார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த 187⅔. இண்டியானாபொலிஸில் மூன்று மூன்று இன்னிங்ஸாக வீசியவர், அடுத்த ஆண்டே முழு சீசனையும் தாங்கினார்.

இளம் பிட்சர்களைப் பின்தொடர எங்கே தொடங்கலாம்?

டிரிபிள்-ஏ ஆட்டங்களில் தொடங்குங்கள். மைனர் லீக் ஆட்டங்கள் இணையத்தில் நேரலையாக வருகின்றன. ஸ்கோரை விட்டுவிட்டு மூன்று விஷயத்தைப் பாருங்கள். ஸ்ட்ரைக்கைவிடத் தவறான பந்துகள் அதிகமாகிப் பிட்சர் பின்தங்கியிருக்கும்போதும் ஃபாஸ்ட்பால் தவிர வேறு பந்து வீசத் துணிகிறாரா? இரண்டாவது முறை சந்திக்கும் பேட்டருக்கு வேறு திட்டம் வைத்திருக்கிறாரா? ஐந்தாவது இன்னிங்ஸில் வேகம் எவ்வளவு குறைகிறது? பிட்ஸ்பர்க்கில் மாலை 6:40-க்குத் தொடங்கும் ஆட்டம் இந்தியாவில் கோடை மாதங்களில் அதிகாலை 4:10, சிங்கப்பூரில் காலை 6:40.